வயலின்காரரின் விருப்பப் பாடல்கள்

வானொலி நிலையத்தின் சின்ன அறையில், மைக்குக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து தனக்குப் பிடித்த பாடல்களைப் பற்றி நேரலையில் பேசிக்கொண்டிருந்தார் வயலின்காரர். முதல் கச்சேரியில் தந்தி அறுந்தும், மிச்சம் மூன்று தந்தியிலேயே வாசித்து முடித்த பாட்டைப் பற்றிச் சொல்லும்போது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரி கையை ஆட்டினாள்.

'இப்பதான் ஆரம்பிச்சேன், அதுக்குள்ள என்ன அவசரம்?' என்று எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்க!" என்று ஹெட்போனில் அவள் குரல் கேட்டது. அதைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

"அடுத்த பாட்டு, ஐயாயிரம் பேர் முன்னாடி வாசிச்சது. கைதட்டல் அடங்கவே இல்ல. ஆனா அதே நேரத்துல ஊர்ல என் மகளுக்குக் கல்யாணம் நடந்துட்டிருந்துச்சு. மேடைதான் பெரிசுன்னு நான் போகல. ஆறு வருஷமா எங்களுக்குள்ள சரியான பேச்சே இல்ல. தப்பு என்னோடதுதான். நேர்ல சொல்ல வாய் வரல, அதான் ரேடியோவுல சொல்றேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு ஒலிப்பதிவுக்காரி உள்ளே வந்தாள்.

"சொன்னா கேக்கவே மாட்டீங்களா? கால் மணி நேரமா ஒலிபரப்பு நின்னு கிடக்கு. கை வலிக்க வலிக்க அதைத்தானே காட்டிட்டிருந்தேன்!"

அவர் இடிந்துபோனார்.

"அய்யோ! ஒரே ஒரு தடவை மனசைத் திறந்து பேசினேன். அதுவும் யாருக்கும் கேக்கலையா?"

"வெளியில யாருக்கும் கேக்கல" என்றாள் அவள். "எனக்குக் கேட்டுச்சு, அப்பா."