நடுவறைத் தூண்

கறையான் அரித்த பலகை வீடுகளை மலிவாக வாங்கித் திருத்தி விற்பதில் ஸெய்னுலாப்தீன் பெயர் போனவர். 2003இல் ரத்தோட்டையில் வாங்கிய வீட்டில்தான் அவர் கணக்குப் பிழைத்தது. பன்னிரண்டு தூண்களில் பதினொன்று, தட்டினால் வெறும் பானைபோல் ஒலித்தன.

நடுவறையின் பலாத் தூணைக் கறையான் தொடவில்லை. எழுபது வருடத்துத் தூண் அது. தச்சர் இராசலிங்கம் அதைத் தட்டியபோது சுத்தியல் ஒட்டிக்கொண்டது. இழுத்தெடுத்தால் முனையில் வெள்ளைப் பால்.

"மொதலாளி, இது இன்னும் பச்சையா இருக்குங்க."

"கதை அளக்காம வேலையப் பாருங்க, பாஸ்" என்றார் ஸெய்னுலாப்தீன். அங்கே தச்சரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

மற்றத் தூண்களையெல்லாம் மாற்ற மூன்று வாரம் பிடித்தது. வீடு பார்க்க ஆள் வந்த காலையில், நடுவறைத் தூணில் உள்ளங்கையளவு பலாப்பிஞ்சு ஒன்று தொங்கியது. ஸெய்னுலாப்தீன் தொட்டுப் பார்த்தார். முள் குத்தியது. அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன விலை சொல்றீங்க?" என்றார் வந்தவர்.

"விக்கிறதுக்கில்ல."

அன்று பின்னேரமே இராசலிங்கத்தைக் கூரையில் ஏற்றி, தூணுக்கு நேர்மேலே நான்கு ஓடுகளைக் கழற்றச் சொன்னார்.

"மழை வந்தா உள்ளுக்கு ஒழுகுமே, மொதலாளி."

"ஒழுகட்டும், பாஸ். அது தண்ணி குடிச்சு எவ்வளவு காலமோ."