கலங்கரை விளக்கத்தின் முன் ஒரு படம்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் செக் நாட்டிலிருந்து வந்து, எட்டு மாதமாகத் தங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் பெட்ராவுக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டப் போவதாகத்தான் அருள்தாஸும் செல்வமேரியும் சொன்னார்கள். ஆனால் ரயில் நிலையத்திலும் அருங்காட்சியகத்திலும் அவர்கள் எதிரில் வந்த இளைஞர்களின் முகங்களையே பார்த்தார்கள். மூன்று பேருக்கு நான்கு பொட்டலம் எலுமிச்சைச் சோறு கட்டியிருந்தாள் செல்வமேரி. நான்காவது யாருக்கு என்று பெட்ரா கேட்கவில்லை. அப்பா பெல்ட்டால் அடித்த அன்று வீட்டைவிட்டுப் போன அவர்கள் மகன் ஜெரால்டின் படம் கூடத்தில் தொங்குகிறது. அவனுடைய கட்டிலில்தான் பெட்ரா தூங்குகிறாள். இரண்டு வருடமாகத் தகவல் இல்லை.

கடற்கரையில் கலங்கரை விளக்கம் பின்னால் தெரியும்படி அவளை நிறுத்தினார் அருள்தாஸ். "சிரிம்மா. இல்லேன்னா உன்னைப் பட்டினி போட்டோம்னு உங்க ஊர்ல நினைச்சுக்குவாங்க."

அவருடைய முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், சோளம் சுட்டுக்கொண்டிருந்தவன் ஜெரால்டு. மெலிந்து கறுத்திருந்தான். பெட்ரா தன்னை அடையாளம் கண்டுகொண்டது அவனுக்குப் புரிந்துவிட்டது. அவளைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

பெட்ரா சிரித்தாள்.

"சூப்பர்," என்றார் அருள்தாஸ்.

செல்வமேரி போனை வாங்கிப் படத்தை விரல்களால் பெரிதாக்கினாள். "நல்லாத்தான் சிரிச்சிருக்கா. ஆனா கண்ணு கேமராவுல இல்லீங்களே. உங்க தோளுக்கு மேல எதையோ..."

சோற்றுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மெதுவாகத் திரும்பினாள்.