குறையே இல்லாதவள்

1959 ஆடிப்பெருக்கு. கல்லூரியில் தத்துவம் நடத்தும் அடைக்கலம், அம்மா மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து, மறுநாள் பாடத்தை மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

“குறையே இல்லாத ஒருத்தரை மனசுல நினைக்க முடியுதுல்ல? இல்லாம இருக்கறதே ஒரு குறைதான். அப்போ அவர் இருந்துதான் ஆகணும். அவர்தான் கடவுள்.”

வெள்ளையம்மாள் காவேரியில் மிதந்துபோகும் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம மங்கைகிட்ட ஏதாவது குறை இருக்காங்க?”

அடைக்கலத்தின் முகம் மலர்ந்தது. “அவளுக்கென்ன! உன்னோட கண்ணு, எங்கம்மாவோட சுருட்டை முடி.”

“முக்கொம்புக்குக் கூட்டிட்டுப் போனா தண்ணிய விட்டு ஏறமாட்டா.”

“அதெல்லாம் ஒரு குறையா?”

“அப்போ குறையே இல்லைங்கறீங்க?”

“இல்லவே இல்ல.”

வெள்ளையம்மாள் எழுந்து, முந்தானையில் முடிந்திருந்த சின்ன மரத்தொட்டிலை எடுத்து, கரையோர அரசமரத்தில் கட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து பிள்ளை வரம் கேட்டு வருஷா வருஷம் அவள் கட்டிய தொட்டில்கள் அதே கிளையில் வெயிலில் வெளுத்து ஆடிக்கொண்டிருந்தன.

“அப்போ மங்கையும் இருந்துதானே ஆகணும்?”

நினைத்துவிட்டதாலேயே ஒன்று இருந்துவிடாது என்ற மறுப்பும் நாளைய பாடத்தில் இருந்தது.

“ஆமா, இருந்துதான் ஆகணும்” என்றார் அடைக்கலம். அவள் போட்ட முடிச்சைத் தன் கையாலும் ஒருமுறை இறுக்கினார்.