சிஸுரு தேர்ந்தெடுத்த சைலன்சர்

"இதையே மாட்டிடுங்க. இருக்கறதுலேயே சத்தம் கம்மியானது," என்றாள் சிஸுரு.

மெக்கானிக் ஹதானோவின் பட்டறையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜப்பானின் குரே ஊரில், உறுமலுக்குப் பேர்போன ரோட்டரி இன்ஜின் கார்களுக்கென்றே இருக்கும் பட்டறை அது. அங்கே வந்து சத்தமில்லாத சைலன்சர் கேட்பது, மீன் கடையில் வாசனையில்லாத கருவாடு கேட்பது மாதிரி.

அவள் கணவர் இசோகாயின் முகம் தொங்கிப்போனது. சற்று முன்புதான் அவருடைய சிவப்பு காரில் அகலக் குழாய் சைலன்சர் ஒன்றை மாட்டி, ஓடவிட்டுக் காட்டியிருந்தார் ஹதானோ. அந்த உறுமலைக் கேட்டதும், கோயிலில் நிற்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார் மனிதர். "வாலிப வயசுலேர்ந்து இந்தச் சத்தத்துக்குத்தான் ஏங்கிட்டிருந்தேன். பழைய சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டையானதே நல்லதாப் போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்தார்.

அதற்குப் பிறகும் அவளுக்கு மனம் இரங்கவில்லை.

இசோகாயின் எதிர்வீட்டுக்காரர் முகாய், டின் காபியும் கையுமாக ஓரமாக உட்கார்ந்திருந்தார். வெறும் வாயை மெல்லுகிற அவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"என்ன சிஸுரு சான் இது! இதை மாட்டினா காய்கறி வாங்கப் போற வண்டி மாதிரில்ல இருக்கும்? பாவம், மனுஷனுக்கு வாரத்துல ஒரு நாள்தான் சந்தோஷம். அதையும் பிடுங்கணுமா?"

"எங்களுக்கு இது போதும்," என்றாள் அவள்.

ஹதானோவும் சொல்லிப் பார்த்தார். "பெரிய சைலன்சரும் அரசாங்கச் சோதனையில பாஸாகற சாமான்தாம்மா. அக்கம்பக்கத்துல யாரும் புகார் சொல்ல முடியாது."

"புகாரா?" முகாய் கடகடவென்று சிரித்தார். "வண்டி ஸ்டார்ட் ஆனாத்தானேய்யா சத்தம் வரும்! ஞாயித்துக்கிழமை விடிஞ்சா இவரு காரைக் கையால தள்ளிட்டுப் போறாரு, பெரிய ரோடு வரைக்கும். நான்தான் ஜன்னல்லேர்ந்து பாக்கறேனே!"

ஹதானோவின் முகம் மாறிவிட்டது. அந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவர் அவர்தான்.

"என்ன இசோகாய் சான், குளிர்ல ஸ்டார்ட் பண்ணி உடனே அணைச்சுடறீங்களா? சூடேறாம ரோட்டரியை அணைச்சா பெட்ரோல் உள்ளே தேங்கி பிளக் நனைஞ்சுடும், அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! நேத்து கார் வாங்கினவன் பண்ற தப்பாச்சே இது?"

"ஆமா... அந்தத் தப்புதான்," இசோகாய் அசடு வழிந்தார். "கை பழகிப்போச்சு. அணைச்சுடறேன்."

"வாராவாரமா?" முகாய் விடுவதாக இல்லை. "அதான் இடுப்புல பெல்ட்டா!"

இசோகாயின் இடுப்பில் டாக்டர் கொடுத்த அகலமான பட்டை இருந்தது. குனிந்து சைலன்சரைப் பார்க்கக்கூட அவரால் முடியவில்லை. தங்களைத் திட்டினால் பொறுத்துக்கொள்வார்கள், தங்கள் காரைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள் இந்த ரோட்டரிக்காரர்கள். இவரோ தலையைக் குனிந்துகொண்டார்.

சிஸுரு ஹதானோவின் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? இந்தச் சின்ன சைலன்சரை மாட்டினா வாசல்லயே ஸ்டார்ட் பண்ணலாமில்ல? உள்ளே தூங்கறவங்க முழிச்சுக்க மாட்டாங்களே?"

"ரோட்டரின்னா சூடேறற வரைக்கும் கொஞ்சம் கத்தத்தான் செய்யும். ஆனா இதுல அவ்வளவாக் கேக்காது. யாரும்மா தூங்கறாங்க அந்த நேரத்துல?"

"நான்தான். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில எனக்கு நைட் டியூட்டி. விடியக்காலையில வந்துதான் படுப்பேன்."

முகாயின் காபி டின் பாதி வழியில் நின்றது.

ஹதானோ மெதுவாக இசோகாயைப் பார்த்தார். "அப்போ பிளக் நனையவே இல்லையா?"

இசோகாய் சுவரைப் பார்த்தார். பிறகு மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீ தூங்கிட்டுல்ல இருந்தே?"

அவள் அவருடைய இடுப்புப் பட்டையையே பார்த்தாள். அவருக்கோ ஆசை இன்னும் விட்டபாடில்லை.

"பெரிய சைலன்சரே இருக்கட்டுமே, சிஸுரு. உன் தூக்கத்துக்கு ஒண்ணும் வராது. எப்பவும் போல ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போயிடறேன். டாக்டர் ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பாரு..."

"அதுக்குத்தான் வேணாங்கறேன். 'சத்தம் பரவாயில்ல, வாசல்லயே ஸ்டார்ட் பண்ணுங்க'ன்னு சொன்னா கேக்கற ஆளா நீங்க?"

இசோகாய் சிவப்பு காரை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

சிஸுருவின் குரல் உடைந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட உங்க கார் சத்தத்துல நான் முழிச்சதில்லீங்க. தள்ளும்போது உங்களுக்கு மூச்சு வாங்குமே, அந்தச் சத்தத்துலதான் முழிச்சுக்கறேன்."