முப்பத்தெட்டாவது கடிதம்

கழுத்தில் பச்சைக் கைக்குட்டையோடு நர்ஸ் சூலேமா பங்கு அலுவலகத்துக்குள் நுழைந்ததும், எவரிஸ்தோ சாமியாருக்கு மனசுக்குள் பட்டாசு வெடித்தது. ஒரு வழியாக இவளும் தொலைகிறாள்.

"வாம்மா வா, உன்னைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன்" என்று உறிஞ்சிக்கொண்டிருந்த மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளையை ஓரமாக வைத்தார். "கடிதம்தானே?"

"கடிதம்தான் சாமி."

மூன்று வாரத்துக்கு முன்னால், தலைநகர் புவெனோஸ் ஐரெஸில், கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் மேலவையில் தோற்றது. விடிந்ததும் சாமியாரே கயிற்றைப் பிடித்து அரைமணி நேரம் கோவில் மணி அடித்தார். அந்த மலையூரில் அதைக் கேட்காத காது இல்லை.

அன்றிலிருந்து, அந்தச் சட்டம் வேண்டுமென்று கழுத்தில் பச்சை கட்டிப் போராடிய கைக்குட்டைக்காரிகள், 'ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எங்கள் பெயரை நீக்குங்கள்' என்று கடிதம் கொண்டுவர ஆரம்பித்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி அச்சடித்த தாள். அடியில் பெயரும் கையெழுத்தும்தான் வேறு. மேலே 'பெற்றுக்கொண்டேன்' என்று முத்திரை குத்தி, நகலைத் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. முப்பத்தேழு வந்தாயிற்று.

அவருக்கு வருத்தமே இல்லை. போகிறவர்கள் போகட்டும், கோவில் சுத்தமாகும் என்று பூசையிலேயே சொல்லிவிட்டார். மணி அடித்த நாளிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி, அது ஒன்றுதான் குறை. மூன்று ஞாயிறாக அம்மா பூசைக்கும் வரவில்லை, பூசை முடிந்ததும் அனுப்புகிற எம்பனாதா பலகாரத் தட்டும் வரவில்லை. முழங்காலுக்குத் தினமும் வீட்டுக்குப் போய் ஊசி போடுவது இந்தச் சூலேமா என்பது வேறு எரிச்சல்.

"கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். கையெழுத்துப் போட்டவங்களுக்கு இனிமே என்னென்ன கிடையாது?"

பயந்துவிட்டாள் என்று சாமியாருக்குக் குஷி. விரல் விட்டு எண்ணினார். "ஞானத்தாயா நிக்க முடியாது. நற்கருணை கிடையாது. செத்தா கோவில்ல வச்சுப் பூசை கிடையாது. மணிகூட அடிக்க மாட்டேன்."

"நீங்க மணி அடிக்காம இருந்தாலே பெரிய உபகாரம். திருவிழாவுக்கு மாதா சுரூபத்துக்கு உடுப்பு மாத்தலாமா?"

"தொடவே கூடாது! நாப்பது வருஷமா எங்கம்மாதான் மாத்தறாங்க. உடுப்புப் பெட்டிச் சாவியை நீல நாடாவுல கட்டி, கழுத்தை விட்டுக் கழட்டினதே இல்ல. அப்படி ஒரு பொம்பளை போதும் இந்தப் பங்குக்கு. மத்தவங்க எல்லாம் கிளம்புங்க."

சூலேமா சுவரை அண்ணாந்து பார்த்தாள். சாமியாரின் தங்கை நெலிதா, பத்தொன்பது வயதில் எடுத்த படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி எப்படி செத்துப்போச்சு சாமி?"

"ஊருக்கே தெரியும். குடல்வால் வெடிச்சு."

"அன்னைக்கு அந்த வார்டுல நான்தான் இருந்தேன். எவளோ ஒருத்திகிட்ட திருட்டுத்தனமா கலைக்கப் போய், ரத்தம் நிக்காமத்தான் வந்தா. 'அண்ணனுக்குத் தெரிஞ்சா குருமடத்துல தலைகுனிஞ்சு நிப்பான்'னுதான் சாகிறப்பவும் அழுதா. குடல்வால்னு எழுதச் சொல்லி டாக்டர் கையைப் பிடிச்சது யாரு? நீங்கதானே?"

சாமியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வாயை மூடு! அம்மா காதுல இது விழுந்தா உயிரையே விட்டுடுவாங்க. கடிதத்தை வச்சிட்டு நடையைக் கட்டு!"

சூலேமா அசைந்துகொடுக்கவில்லை. மடித்திருந்த தாள்கள் இரண்டையும் பிரித்து மேசையில் வைத்தாள். "ஒரு தடவை படிச்சுப் பாருங்க சாமி."

"முப்பத்தேழு படிச்சாச்சு. இதைப் படிச்சா மோட்சமா கிடைக்கப் போகுது?"

டப். டப். மேசையே ஆடியது. நகலை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே."

"ஏன் மிதிக்கக் கூடாது? ஞாயித்துக்கிழமை பூசைக்கு வருவேன். முன் பெஞ்சுல, இதே கைக்குட்டையோட உக்காருவேன். கோவில் என்ன உங்க வீட்டுச் சொத்தா, நீங்க போன்னா போறதுக்கு?"

"கடிதம் கொடுத்துட்டு எந்த மூஞ்சியோட வருவே?"

"கொடுக்கத்தான் வந்தேன். கையெழுத்து என்னுதுன்னு எப்பச் சொன்னேன்?"

சூலேமா பையைத் துழாவி, நீல நாடா கட்டிய சின்னப் பித்தளைச் சாவி ஒன்றை எடுத்தாள். முத்திரை விழுந்த கடிதத்தின் அடியில், பெயர் எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சாமியார் சாவியைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரைப் பார்த்தார்.

அவள் நகலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"முத்திரை அழுத்தமா விழுந்திருக்கான்னு உங்கம்மா கேப்பாங்க."