அக்கா கண்டுபிடித்த அர்த்தம்

காவலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த புருஷனிடமிருந்து அவள் கண்ணை எடுக்கவே இல்லை. அந்தப் புழுக்கத்திலும் முழுக்கை ரவிக்கை. போதாதென்று முந்தானையையும் இழுத்துக் கையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கதவோரம் நின்ற காவலருக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. "பயப்படாதம்மா. உன் வீட்டுக்காரர விட்டுருவாங்க," என்றார் தணிந்த குரலில். நல்ல மனுஷன். அவளோ முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

இன்றைக்குத் தீர்ப்பு. அவள் வாழ்வும், பள்ளிக்கூடம் போயிருக்கும் மகளின் வாழ்வும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஆனால் பாழாய்ப்போன தீர்ப்பு இங்கிலீஷில் அல்லவா வரும்! வக்கீலோ கட்டுக்கட்டாகக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடிக்கொண்டிருந்தார். நின்று சொல்ல அவருக்கு ஏது நேரம்?

"நமக்கு எப்படிக்கா புரியும்?" என்று பக்கத்தில் இருந்த அக்காவின் காதைக் கடித்தாள்.

அக்கா ஒரு பெரிய ஆபீசில் கூட்டிப் பெருக்குகிறவள். இங்கிலீஷுக்கு நடுவே காலம் தள்ளுகிறவள். "வார்த்தை புரியலன்னா சுத்தி இருக்கறவங்க மூஞ்சியப் பாருடி. எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணக் கூப்பிட்டு 'டெர்மினேட்'னாங்க. அது அழுதுட்டே பையத் தூக்கிட்டுப் போச்சு. அதுக்கு மேல அகராதி எதுக்கு?"

அதற்குள் முந்தைய வழக்கு முடிவுக்கு வந்தது. கூண்டில் ஓர் இளவட்டம். நீதிபதி கடகடவென்று வாசித்துக் கடைசியில், "அக்விட்டட்" என்றார்.

அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "ஐயோ, என் புள்ள!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள். கூண்டில் நின்றவன் நீதிபதியைப் பார்த்துப் பெரிய கும்பிடாகப் போட்டான்.

"பாரு, கெஞ்சறான். பெத்தவ வயிறு எரியுது," என்று கிசுகிசுத்தாள் அக்கா. "ஜெயில்தான். அந்த வார்த்தைய நல்லா ஞாபகம் வெச்சுக்கோ."

அக்விட்டட், அக்விட்டட் என்று அவள் வாய்க்குள்ளேயே உருப்போட்டாள்.

புருஷனைக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு வாசித்தார், வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"அக்விட்டட்."

முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கூண்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. அக்காதான் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து வராந்தாத் தூணில் சாய்த்து உட்காரவைத்தாள்.

"போதும்டி, அழாத."

"துக்கத்துல அழலக்கா." மூக்கை உறிஞ்சிக்கொண்டு முந்தானையை உதறினாள். ரவிக்கைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டாள். நெடுக சூட்டுத் தழும்புகள். "அப்பாடா! நான் சாட்சி சொன்ன அன்னிக்கு, 'வெளிய வந்து பேசிக்கறேன்'னு அவரு முறைச்சாரே, இனி எங்க பேசறது! இன்னிக்காவது நானும் குழந்தையும் நிம்மதியா கண்ண மூடுவோம்."

அக்கா அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டாள். இரண்டு பேருமே சிரித்தார்கள். இருவரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று!

வாசற்படியில் அந்த அம்மாள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். அங்கே ஒரு தாய் கதறும்போது தான் இங்கே சிரிப்பது அவளுக்கே உறுத்தியது. எழுந்து போய்த் தோளைத் தொட்டாள். "அழாதீங்கம்மா. தண்டனை முடிஞ்சதும் உங்க புள்ள வந்துடுவான்."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "என் புள்ள எங்கேருந்தும்மா வருவான்? அவனக் கொன்னவனத்தான் விட்டுட்டாங்களே!"

தோளில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தாள். திரும்பி அக்காவின் மூஞ்சியைப் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் யாரையோ பார்த்து வெளிறிப்போய் நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் பழகிய குரல் கேட்டது.

"வாடி, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."