எதிரணிக்கு ஓர் உண்டியல்

தன் அபிமானக் கால்பந்து அணி நேற்றும் தோற்ற எரிச்சலில் பைக் செயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மெக்கானிக், எதிரணி ரசிகனான மைத்துனன் உண்டியலோடு வந்து நின்றதும் முகம் மலர்ந்தார்.

“என்னடா, உங்க கிளப் திவாலாமே? சம்பளம் பாக்கி, மைதான வாடகை பாக்கி. இந்த மாசமே இழுத்து மூடிடுவாங்களாம்!”

“அதான் மாமா வசூல் பண்றோம். நீங்களும் ஏதாவது போடுங்க.”

“சல்லிக்காசு தர மாட்டேன். வருஷம் பூரா எங்க டீம் பசங்க என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டாங்க. இந்த ஒரு சந்தோஷமாவது மிஞ்சட்டும்!”

மைத்துனன் உண்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“சரி மாமா. ஆனா சீசன் நடுவுல மூடிட்டா, நாங்க ஆடின ஆட்டம் எதுவுமே செல்லாதாம். எங்களை ஜெயிச்சு வாங்கின புள்ளியையும் பிடுங்கிடுவாங்களாம்.”

“பிடுங்கட்டுமே, எங்களுக்கென்ன?” என்ற மெக்கானிக்கின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவருடைய அணி இந்த வருஷம் ஜெயித்ததே இரண்டு ஆட்டம்தான். இரண்டும் மைத்துனனின் அணியோடு. அந்தப் புள்ளிகளும் போனால் கடைசி இடம். அடுத்த வருஷம் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

“டேய், நில்லுடா!”

சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் அள்ளி உண்டியலுக்குள் திணித்தார்.

“எப்படியாவது பொழைச்சுத் தொலைங்கடா,” என்று பல்லைக் கடித்தார். “உங்களை விட்டா எங்ககிட்ட தோக்க வேற யாரு இருக்கா?”